பெரியகடைப் பக்கம் போகிறவர்களுக்கு

கேள்வி: கொழும்பிலிருந்து அம்மாவுடன் யாழ்ப்பாணம் வருகிறேன். காலையில் வந்து இரவு பஸ்ஸில் திரும்ப வேண்டும். அம்மாவுக்கு 68 வயது, அதிகம் நடக்க மாட்டார். டவுனுக்குள் எதைப் பார்க்கலாம், எதை வாங்கலாம்? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: முதலில் கலண்டரைப் பாருங்கள். ஞாயிறாக இருந்தால் டவுனில் நிறையக் கடைகள் பூட்டித்தான் கிடக்கும். வேறு நாளாக இருந்தால் நல்லது.

பார்க்க வேண்டியவை ஒரே பக்கத்தில் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். பொது நூலகம், மணிக்கூட்டுக் கோபுரம், முற்றவெளி, கோட்டை எல்லாம் கிட்டக் கிட்ட. ஓட்டோவில் ஏறும் முன்பே விலையைப் பேசி, "நிண்டு கூட்டிக்கொண்டு போகோணும்" என்று சொல்லிவிடுங்கள். 1981இல் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் நூலகத்தோடு போயின. அம்மா அந்தக் காலத்தவர். வாசலில் கொஞ்ச நேரம் நிற்க ஆசைப்படுவார், அவசரப்படுத்தாதீர்கள். கோட்டையைப் பின்னேரத்துக்கு வையுங்கள். போர்த்துக்கேயர் தொடங்கியதை 1658இல் கைப்பற்றிய ஒல்லாந்தர்தான் இன்றைய ஐங்கோண வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். மத்தியானத்தில் போனால் வெயில்தான் மிச்சம். பின்னேரம் பண்ணைக் கடல் காற்று வரும்.

டவுனின் கடைத்தெருவான பெரியகடைப் பக்கம் காலை பத்து மணிக்குப் பிறகு. சாப்பாட்டுக்கு மலாயன் கபே, வாழையிலைச் சைவச் சாப்பாடு. மத்தியானச் சனம் வரமுன் போய்விடுங்கள்.

இனி வாங்குவது. நவீன சந்தைப் பக்கம் பனையோலைச் சாமான் கடைகளில் பிட்டு அவிக்கும் கூம்பு ஓலைப்பெட்டியான நீத்துப்பெட்டி ஒன்று கட்டாயம் எடுங்கள். ஸ்டீல் குழாயில் பிட்டு அவிப்பவர்களுக்கு அதன் அருமை தெரியாது. எடுக்கும்போது வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து உள்ளே பாருங்கள்: பின்னல் நெருக்கமாக, கூம்பின் நுனி பிரியாமல் இருக்க வேண்டும். நுனியில் ஓட்டை பெரிதாகத் தெரிந்தால் மா பானைக்குள் கொட்டும். சாயம் போட்ட அழகுப் பெட்டி அலுமாரிக்கு. அவிக்க வெறும் ஓலைதான். வீட்டுக்குப் போனதும் ஒருமுறை வெறுமனே ஆவியில் வைத்து எடுத்தால் ஓலை மணம் அடங்கும்.

பனங்கட்டியைக் குட்டானோடு, அதாவது அதை வார்த்த சின்ன ஓலைப்பெட்டியோடு வாங்குங்கள். வெளிறிய நிறம், கல்லுப்போல் இறுக்கம், உடைத்தால் சீனி மின்னுவது போன்ற தோற்றம் இருந்தால் எனக்கு நம்பிக்கை வராது. நல்ல பனங்கட்டி கறுத்த மண்ணிறமாக, ஈரக் காற்றில் கொஞ்சம் கசியும். அது பழுது அல்ல. பனங்கட்டி காய்ச்சும் கருப்பநீரை (பதநீரை) மரத்திலிருந்து இறக்கும் காலம் ஆண்டின் முற்பகுதி என்பதால் மார்கழியில் வாங்குவது போன பருவத்துச் சரக்காக இருக்கும். ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு), புளுக்கொடியல் (அவித்துக் காயவைத்தது), பினாட்டு (பனம்பழக் களியைக் காயவைத்தது) எல்லாம் பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் விற்பனை நிலையத்திலும் பார்க்கலாம். அங்கே பேரம் பேசும் வேலை இல்லை, பொதியில் திகதியும் இருக்கும்.

கறித்தூளைப் பெரிய பொதியாக வாங்காதீர்கள். சிவப்பு நிறத்தைப் பார்த்து மயங்குகிறவர்கள் அதிகம். வறுத்த மல்லி, மிளகாய், சீரகம், கறிவேப்பிலை சேர்ந்து மணப்பதுதான் நம்முடைய தூள். நிறம் அவ்வளவாக இராது. 250 கிராம் போதும், ஒரு மாதத்தில் மணம் இறங்கத் தொடங்கிவிடும். தோலகட்டி நெல்லிரசப் போத்தல் வாங்கினால் துணிக்குள் சுற்றி நிமிர்த்தி வையுங்கள். பஸ்ஸில் ஒருமுறை கசிந்து என் வெள்ளை வேட்டி இரண்டு மண்ணிறமானது.

கேள்வி: ரொறன்ரோவில் இருந்து மகளின் கலியாணத்துக்கு நகை எடுக்க வருகிறோம். கஸ்தூரியார் வீதியில் ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு கணக்குச் சொல்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: கடைக்காரர் மொத்தத்தைச் சொல்ல விடாதீர்கள், பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். தங்கத்தின் எடை, கரட், அன்றைய பவுண் விலை, சேதாரம், கூலி, கல்லின் எடை என்று ஆறும் தனித்தனியே கடதாசியில் வர வேண்டும்.

ஒரு பவுண் 8 கிராம். பேப்பரில் பெரிதாகப் போடும் விலை பெரும்பாலும் 24 கரட்டுக்கு. நீங்கள் வாங்கும் நகை 22 கரட், அதாவது 91.6 சதவீதம் தங்கம். கணக்குக்காக 24 கரட் பவுண் 240,000 ரூபா என்று வைத்தால், 22 கரட் 220,000 வரும். இந்த 20,000 எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் கேள்வி. 24இன் விலையைப் போட்டு "கூலி குறைச்சல்" என்று சிரிக்கிற கடையில் மோரைக் குடித்துவிட்டு எழும்பிவிடுங்கள்.

கல் வைத்த அட்டியலில் கல்லையும் தங்க விலைக்கு நிறுப்பதுண்டு. பழைய நகையைக் கொடுத்து மாற்றும்போது மட்டும் அதே கல்லின் எடையைக் கழிப்பார்கள்! வாங்கும்போதும் கழிக்கச் சொல்லுங்கள். தாலிக்கொடி செய்யக் கொடுத்தால் நாள் குறித்து, முற்பணத்துக்குச் சீட்டு வாங்குங்கள்.

கேள்வி: வாங்கிய சாமான் பழுது. கடைக்காரர் மாற்ற மாட்டேன் என்கிறார். பற்றுச்சீட்டும் தரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: இந்தப் பாடத்தை நான் ஒடியல் மாவில் படித்தேன். திகதி இல்லாத பொதி ஒன்றை ஒரு கடையில் வாங்கி, கூழுக்குக் கரைக்க எடுத்தால் உள்ளே புழு நெளிகிறது. கொண்டுபோய்க் காட்டினேன். "எங்கட கடையிலதானோ வாங்கினனீங்கள் ஐயா?" என்று மிகப் பணிவாகக் கேட்டார். என்னிடம் சீட்டு இல்லை. கூழ் இல்லாமல் அன்று சோறுதான்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, நீங்கள் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுத் தந்தே ஆக வேண்டும். "எனக்குச் சீட்டு வேணும்" என்று காசு கொடுக்க முன் சொல்லுங்கள். கொடுத்த பிறகு கேட்டால் புத்தகம் முடிந்துவிட்டது என்பார்கள். மாற்ற மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள், அல்லது மாவட்டச் செயலகத்தில் உள்ள அவர்களின் அலுவலகத்துக்குப் போங்கள். முறைப்பாடு எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் இருக்க வேண்டும். பொதியை எறியாதீர்கள், படமும் எடுத்து வையுங்கள்.

கேள்வி: பழைய பித்தளைக் குத்துவிளக்கு ஒன்று பார்த்தேன், "நூறு வருசத்துச் சாமான்" என்றார்கள். லண்டனுக்குக் கொண்டுபோகலாமா?

பதில்: அவர் சொல்வது பொய்யென்றால் பழைய சாமானின் விலைக்குப் புதியது வாங்குகிறீர்கள். உண்மையென்றால் இன்னும் சிக்கல்: 50 வருடத்துக்கு மேற்பட்ட பழம்பொருளை அனுமதி இல்லாமல் நாட்டை விட்டுக் கொண்டுபோக முடியாது. தொல்பொருள் திணைக்களத்தில் கேட்ட பிறகே காசைக் கொடுங்கள். விளக்குத்தான் வேண்டுமென்றால் பாத்திரக் கடையில் புதிதாக வார்த்தது ஒன்றைச் சீட்டோடு எடுங்கள், விமான நிலையத்தில் வயதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.