எம்பிடி நியூரோவா, வாரக்கடைசிச் சான்றிதழ்களா?

கேள்வி: பிசியோதெரபியில் பிபிடி பட்டம் முடித்து அம்பாசமுத்திரத்தில் ஒரு கிளினிக்கில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் பக்கவாத நோயாளிகள். நரம்பியல் பிரிவில் எம்பிடி என்ற மேற்படிப்பில் சேரலாமா, அல்லது போபத், பிஎன்எஃப் என்ற சிகிச்சை முறைகளில் சின்னப் பயிற்சிகளை முடித்துக்கொண்டு இங்கேயே இருந்துவிடலாமா? இரண்டு வருடம் சம்பளம் இல்லாமல் எப்படி என்று வீட்டில் யோசிக்கிறார்கள்.

பதில்: தம்பி, மூன்று வருடம் நோயாளிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள், அதுவே பாதி பதில். பிபிடி முடித்த கையோடு எம்பிடிக்குப் போகிறவர்களுக்கு வாத்தியாரிடம் எதைக் கேட்பது என்றே தெரியாது. நானும் அப்படிப் போனவன்தான்.

சேருங்கள். ஆனால் வார்டைப் பார்த்துச் சேருங்கள். எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் எம்பிடி இரண்டு வருடம், நரம்பியல் தனிப் பிரிவு. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா, மணிப்பால் போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலும் உண்டு. எங்கே போனாலும் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பக்கவாதம் வந்த மறுநாளே நோயாளி உங்கள் கைக்கு வருவாரா, பனையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டவர், கில்லன் பாரே என்ற நரம்பு நோயால் கைகால் தளர்ந்தவர், பார்கின்சன் நோயாளி எல்லாம் அங்கே படுத்திருப்பார்களா, நீங்கள் தொடும்போது பக்கத்தில் நின்று கையைத் திருத்த ஒரு சீனியர் இருப்பாரா. இதைப் போனில் விசாரிக்க வேண்டாம். ஒரு நாள் பஸ் ஏறிப் போய், காலையில் ஓபியில் உட்கார்ந்து பாருங்கள். அப்புறம் வாசல் டீக்கடையில் இரண்டாம் வருடப் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுங்கள், உள்ளது உள்ளபடி சொல்லிவிடுவார்கள். படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்பதை மட்டும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எம்பிடி என்ன தரும்? முதலில், அளக்கக் கற்றுத்தரும். நம் பக்கத்து கிளினிக்குகளில் "இப்ப கொஞ்சம் பரவால்ல சார்" என்பதுதான் அளவுகோல். நிற்கும் சமநிலைக்கு பெர்க் அளவையில் 14 வேலைகள், 56 மதிப்பெண். கை அசைவுக்கு ஃபூகல் மேயர் அளவை, 66 மதிப்பெண். போன மாதம் 31, இந்த மாதம் 38 என்று எழுதி வைத்தால்தான் நீங்கள் செய்வது வேலை செய்கிறதா, காலம்தான் ஆற்றுகிறதா என்று யோசிக்கவாவது முடியும்.

அடுத்தது, வாசிக்கக் கற்றுத்தரும். பக்கவாதம் வந்தவரைச் சீக்கிரம் எழுப்பி நடக்கவைத்தால் நல்லது என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். 2,100-க்கும் அதிகமானவர்களை வைத்துச் செய்த ஆவெர்ட் ஆய்வு 2015-ல் வந்தது. முதல் 24 மணி நேரத்துக்குள் எழுப்பி, அடிக்கடி நடக்கவைத்தவர்களுக்குப் பலன் குறைவாகவே இருந்தது. இதைப் படித்தவர் முதல் நாள் நோயாளியைப் பிடித்து இழுக்கமாட்டார்.

சின்னப் பயிற்சிகளை நான் மட்டமாகச் சொல்லவில்லை. பெர்டா போபத்தும் அவர் கணவர் கரேலும் லண்டனில் வளர்த்த முறையில் உடம்பைப் பிடிக்கும் பக்குவம் வரும். ஆனால் அதன் முறையான அடிப்படைப் பயிற்சியே மூன்று வாரம். சனி, ஞாயிறு இரண்டு நாளில் தருவது ஓர் அறிமுகம், அவ்வளவுதான். பணம் கட்டுமுன் பயிற்றுநர் யாரிடம் தகுதி பெற்றவர் என்று கேளுங்கள். இன்னொன்று, மற்ற முறைகளைவிட போபத் மேல் என்று ஆய்வுகளில் நிலைநாட்டப்படவில்லை. அன்றாடம் செய்கிற வேலையையே திரும்பத் திரும்பச் செய்யவைப்பதற்கு நல்ல ஆதரவு இருக்கிறது.

அது எனக்குப் புத்தகத்தில் ஏறவில்லை, முக்கூடலிலிருந்து வந்த ஒரு பீடி சுற்றும் அக்காவிடம்தான் ஏறியது. வலது கை வரவில்லை. கூம்பு அடுக்கு, குச்சியைத் துளையில் சொருகு என்று இரண்டு வாரம் கொடுத்தேன். எனக்காகச் செய்வார், கண் சன்னல் பக்கம் இருக்கும். மூன்றாம் வாரம் அவரே சுளகை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நனைத்த இலையைப் பிடித்தார், தூள் சிந்தியது, சுருட்டியது பிரிந்தது, மறுபடி எடுத்தார். பெருவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்வதற்கு நான் எத்தனை வித்தை காட்டியிருந்தேன்! முனையை மடக்கும்போது அது தன்னால் சேர்ந்தது. நான் சொன்னால் பத்து தடவை செய்கிறவர், அன்றைக்கு எண்ணவே இல்லை. இப்போது எல்லோரிடமும் முதலில் கேட்பது, வீட்டில் என்ன வேலை பார்ப்பீர்கள் என்பதுதான்.

சம்பள விஷயம். கிளினிக் வேலைக்கோ, வீட்டுக்கே போய்ப் பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் போன்ற திட்டங்களுக்கோ பிபிடி போதும்; எம்பிடி முடித்ததும் அங்கே சம்பளம் ஏறும் என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். கல்லூரியில் பாடம் எடுக்கத்தான் எம்பிடி தேவை. கையில் ஒரு வருடச் செலவுக்குச் சேராமல் கிளம்ப வேண்டாம், ஒரு வருடம் தள்ளிப் போனால் குடி முழுகிவிடாது. அந்த வருடத்தில் உங்கள் பக்கவாத நோயாளிகளில் ஐந்து பேருக்கு மாதம் ஒருமுறை பெர்க் போட்டு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். நேர்முகத்துக்கு அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள்.