டொமைன் நிர்வாகம் ஒரு வாழ்க்கைத்தொழில் ஆகுமா?

மார்த்தாண்டத்திலிருந்து எழுதிய நண்பருக்கு வணக்கம். கணினி அறிவியல் இறுதியாண்டில் படிக்கும் உங்களுக்கு டொமைன் பெயர், அதாவது இணைய முகவரி நிர்வாகத்தில் ஈடுபாடு இருந்தும், வீட்டார் திருவனந்தபுரம் டெக்னோபார்க் வேலையையே வற்புறுத்துவதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள்.

இத்துறையின் முன்னோடியான ஜான் போஸ்டல் எந்தப் பதவியையும் தேடித் தொடங்கியவர் அல்லர். 1969இல் மாணவராக இருந்தபோது இணைய நெறிமுறை ஆவணங்களைத் தொகுக்கத் தொடங்கிய அவர், 1998இல் மறையும்வரை அப்பணியைக் கைவிடவில்லை. இணைய எண்களை ஒதுக்குவதும், '.in' போன்ற நாட்டுக் குறியீடுகளை யாரிடம் ஒப்படைப்பது என்று முடிவு செய்வதும் அந்தப் பொறுமையான ஆவணப் பணியோடு சேர்ந்தே அவரிடம் வந்தன. அவர் மறைந்த ஆண்டில்தான், இணையப் பெயர்களையும் எண்களையும் உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் (ICANN) அமைப்பு உருவானது. எனக்கு அவருடைய வாழ்க்கையில் மிகவும் பிடித்தது இந்த நிதானம்தான்.

ஆகவே வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். கூடவே ஐகானின் கொள்கைக் குழுக்களில் இணையவழியே பங்கேற்கத் தொடங்குங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. விளவங்கோடு பகுதியில் பலரைப் போல நீங்களும் தமிழ், மலையாளம் இரண்டையும் வாசிப்பவரானால், அது இங்கே அரிய தகுதி. தமிழ் உகரமும் மலையாள உகரமும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றாகவே தெரிவதால், ஒருவர் பெயரை இன்னொருவர் போலியாகப் பதிவு செய்யாதபடி விதி வகுக்க இரு எழுத்துகளையும் அறிந்தவர்கள் வேண்டும். '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' ஆகிய தமிழ் முகவரி ஈறுகள் ஏற்கெனவே உள்ளன. ஐகானின் ஃபெலோஷிப் திட்டத்திற்கு விண்ணப்பிக்கும்போது இந்த இருமொழி அறிவை முதலில் எழுதுங்கள்.