கட்டளை வந்ததும் ஓடாததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டுமா?

களுவாஞ்சிகுடிச் சகோதரருக்கு, தலைமைத்துவப் பயிற்சியில் நண்பகலில் மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னபோது, தலைசுற்றிய தோழருக்குத் தண்ணீர் கொடுக்க நின்றதற்காக ‘ஒழுங்கீனம்’ என்று புள்ளி குறைத்தார்கள் என்றும், மன்னிப்புக் கடிதம் கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கொடுக்க வேண்டாம்.

தீயணைப்பில் உடனடிப் பணிவு உயிர் காக்கும். பயிற்சி மைதானத்தில் அந்த அவசரம் இல்லை. மாறாக, கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் ஊர் வெயிலில் ஓடுபவரின் உடல் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டிப் பேச்சும் குழறினால், அது உயிராபத்து. அப்போது 1990 என்ற இலவச அம்புலன்ஸ் இலக்கத்தை அழைத்துவிட்டு, நிழலில் கிடத்தி உடலெங்கும் தண்ணீர் ஊற்ற வேண்டும்; நினைவு தடுமாறியவருக்கு வாயில் புகட்டக் கூடாது.

மற்றவர்கள் தொடர்ந்து ஓடியதில் வியப்பில்லை. அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிரம் 1963இல் வெளியிட்ட ஆய்வில், தாம் இன்னொருவருக்குக் கொடுப்பது உண்மையான மின்னதிர்ச்சி என்று நம்பிய 40 பேரில் 26 பேர், கட்டளைக்குப் பணிந்து உச்ச அளவான 450 வோல்ட் வரை சென்றார்கள். பிந்திய பரிசோதனையொன்றில் அதே கட்டளை தொலைபேசி வழியே வந்தபோது பணிந்தவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். பயிற்றுநர் பக்கத்தில் நிற்பதே பாதிக் கட்டளை (விசில் வேறு!).

மன்னிப்புக்குப் பதிலாக, நேரம், கட்டளையின் சொற்கள், தோழரின் நிலை ஆகியவற்றை எழுதி ஏற்பாட்டாளரிடம் கொடுத்து, உடல்நலம் கருதி எவரும் இடைநிறுத்தலாம் என்ற விதியை எழுத்தில் கேளுங்கள்.