சிக்னலில் சூடாகும் பழைய மாருதி 800: எஞ்சினை இறக்கச் சம்மதிக்கும் முன்

கேள்வி: என்னுடையது 2003 மாடல் மாருதி 800. ஊருக்குள் சிக்னலில் நின்றால் டெம்பரேச்சர் முள் மேலே ஏறுகிறது. பைபாஸில் போனால் தானாக இறங்கிவிடுகிறது. மெக்கானிக், எஞ்சின் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளே வெண்ணெய் மாதிரி படிந்திருப்பதைக் காட்டி, "ஹெட் கேஸ்கட் போயிடுச்சு, எஞ்சினை இறக்கணும், 32,000 ரூபாய் ஆகும்" என்கிறார். இப்போது வண்டியைக் கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும்தான் எடுக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் வேறொருவர் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிட்டார். வீட்டில் ஸ்பேனர் செட் இருக்கிறது, ஓரளவு வேலையும் தெரியும். ஹெட் கேஸ்கட்டை நானே மாற்றலாமா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: மாற்றலாம். எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழ்ப்பாகமான பிளாக்குக்கும் நடுவே, தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் அடைக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கட். ஆனால் உங்கள் வண்டியில் அது போகவில்லை என்றுதான் நினைக்கிறேன். போகாத கேஸ்கட்டை நீங்களே மாற்றினாலும் வீண், 32,000 கொடுத்து மாற்றினாலும் வீண்.

உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி, பைபாஸில் முள் இறங்குகிறது என்பது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டர் வழியாகப் புகுந்து தண்ணீரைக் குளிரவைக்கிறது. சிக்னலில் அந்தக் காற்று கிடையாது. அப்போது காற்றை இழுத்துத் தரவேண்டியது ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் மின்விசிறி. நின்றால் சூடு, ஓடினால் சரி என்றால் முதலில் அந்த ஃபேனைத்தான் சந்தேகப்பட வேண்டும். கேஸ்கட் போன வண்டி பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்ளும். மேட்டில் ஏறும்போதும் வேகமாக ஓட்டும்போதும், அதாவது எஞ்சின் கஷ்டப்படும்போது, அதிகமாகச் சூடாகும்.

ஃபேனைச் சோதிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். வண்டியை நிழலில் நிறுத்தி ஐடிலிங்கில் விடுங்கள். முள் பாதியைத் தாண்டிக் கொஞ்சம் ஏறும்போது ஃபேன் தானாகச் சுழல வேண்டும். சுழலவில்லையா? முள் சிவப்புக்குப் போகும்வரை காத்திருக்காமல் எஞ்சினை அணைத்துவிடுங்கள். நன்றாக ஆறியபிறகு ஃபேன் மோட்டாரின் கப்ளரை, அதாவது வயர் இணைப்பை, கழற்றி, ஃபியூஸ் வைத்த வயரால் பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுங்கள். விரலும் வேட்டி நுனியும் ஃபேன் பக்கம் போகக்கூடாது. இப்போது சுழன்றால் மோட்டார் நல்லாத்தான் இருக்கிறது. ஃபியூஸ், ரிலே, கப்ளரில் பூத்த பச்சைத் துரு, ஃபேனுக்கு உத்தரவு கொடுக்கும் ஸ்விட்ச் அல்லது சென்சார், இவற்றில் ஏதோ ஒன்று பழுது. நேரடியாகக் கொடுத்தும் சுழலவில்லை என்றால் மோட்டாரே போய்விட்டது. எதுவாக இருந்தாலும் எஞ்சினை இறக்கும் வேலை இல்லை. ஃபேன் ஒழுங்காகச் சுழன்றும் சூடாகிறது என்றால் அடுத்து ரேடியேட்டர் மூடியின் ரப்பரைப் பாருங்கள், பிறகு ரேடியேட்டரின் உள் அடைப்பை. போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி உள்ளே சுண்ணாம்பு மாதிரி படிந்த ரேடியேட்டர்களை உங்கள் பக்கத்தில் எந்த ரேடியேட்டர் கடையிலும் பார்க்கலாம். இனி ரேடியேட்டருக்கென்றே விற்கும் திரவமான கூலண்ட் மட்டும் ஊற்றுங்கள். அது கொஞ்சம் இனிக்கும், ஆனால் விஷம். வடித்த கூலண்டை நாயோ குழந்தையோ எட்டும் இடத்தில் வைக்காதீர்கள்.

சரி, அந்த வெண்ணெய்? மெக்கானிக் அதைக் காட்டியதும் நீங்கள் பயந்துவிட்டீர்கள். எல்லோரும் பயப்படுவார்கள், அதனால்தான் காட்டுகிறார்கள். ஆயிலில் தண்ணீர் கலந்தால் அப்படித்தான் வெள்ளையாகும் என்பது உண்மை. ஆனால் அந்தத் தண்ணீர் கேஸ்கட் வழியாகத்தான் வரவேண்டும் என்றில்லை. பெட்ரோல் எரியும்போதே நீராவி உண்டாகிறது. அதில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி எஞ்சினுக்குள் போகும். எஞ்சின் நல்ல சூட்டில் அரை மணி நேரம் ஓடினால் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறிவிடும். கோயிலுக்கு இரண்டு கிலோமீட்டர் போய் நிறுத்தி, மறுபடி இரண்டு கிலோமீட்டர் வந்து நிறுத்தினால் ஆயில் சூடாவதே இல்லை. ஈரம் மேலே ஏறி, எஞ்சினிலேயே குளிர்ச்சியான இடமான அந்த மூடியில் படிந்து, ஆயிலோடு சேர்ந்து வெண்ணெயாகிறது. போதாததற்கு உங்கள் வண்டியில் தெர்மோஸ்டாட் வால்வும் இல்லை. எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்திவைப்பது அதுதான். வால்வு இல்லாத எஞ்சின் சூடேற இன்னும் அதிக நேரம் எடுக்கும். ஆக, குறுகிய ஓட்டமும் கழற்றிய வால்வும் சேர்ந்தால், கேஸ்கட் முழுசாக இருந்தாலும் மூடியில் வெண்ணெய் வரும். இந்த விதிவிலக்கை இவ்வளவு இழுத்துச் சொல்வதற்குக் காரணம், இந்த ஒரு விஷயம் தெரியாமல் நல்ல எஞ்சின்களைத் திறந்துவிடுகிறார்கள் என்பதுதான்.

பிரித்தறிய வழி இருக்கிறது. மூடியை விடுங்கள், ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். அதில் ஆயில் தெளிவான பழுப்பாகவோ கறுப்பாகவோ இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். டிப்ஸ்டிக்கிலும் பால் விட்ட காப்பி மாதிரி இருந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். கட்டி இழுத்துத்தான் ஷெட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். இன்னொன்று, கூலண்ட் குறைகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. ரிசர்வ் டேங்கில் ஒரு மார்க்கர் கோடு போட்டு, ஒரு வாரம் தினமும் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். வெளியில் எங்கும் ஒழுகாமல் கோட்டுக்குக் கீழே இறங்கிக்கொண்டே இருந்தால் அப்போது கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம். அதை உறுதிசெய்யவும் எஞ்சினைத் திறக்க வேண்டாம். ரேடியேட்டர் வாயில் ஒரு குழாயை வைத்து நீலத் திரவத்தின் வழியே காற்றை உறிஞ்சும் சோதனைக் கருவி இருக்கிறது. எரிந்த வாயு கூலண்டில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். அதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். 32,000 கேட்பவருக்கு இந்தச் சோதனை செய்ய நேரமில்லை என்றால் ஷெட்டை மாற்றுங்கள்.

வால்வைக் கழற்றியவர் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியும். "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு சார், குளிர் நாட்டுக்காரன் வெச்சது." தமிழ்நாடு முழுக்க இதே வசனம்தான். வெளியே வெயில் எவ்வளவு அடித்தாலும் எஞ்சினுக்குள் வேண்டிய சூடு அதைவிட மிக அதிகம். ஏறக்குறைய 80 டிகிரியைத் தாண்டியபிறகுதான் அந்த வால்வே திறக்கும். அது இல்லாவிட்டால், வண்டி ஓடும்போது எஞ்சின் குளிராகவே இருக்கும். உங்களுடையது எம்பிஎஃப்ஐ வண்டி, அதாவது பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து தெளிக்கும் வகை. எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து அதிலிருக்கும் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாகத் தெளித்துக்கொண்டே இருக்கும். மைலேஜ் குறையும், ஆயில் கெடும், மூடியில் வெண்ணெய் வரும். முதல் மெக்கானிக் வால்வைக் கழற்றினார், அதனால் வந்த வெண்ணெயைக் காட்டி இரண்டாமவர் எஞ்சினைக் கழற்றப் பார்க்கிறார்! புது வால்வையும் அதன் கேஸ்கட்டையும் வாங்கி நீங்களே போடலாம். போடும் முன் ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். தண்ணீர் கொதிக்கும் முன் திறந்து, ஆறியதும் மூடினால் நல்ல வால்வு. இந்தச் சின்ன சாமானிலும் டூப்ளிகேட் புழங்குகிறது.

சாமானை நீங்களே கடைக்குப் போய் வாங்குங்கள், பில் உங்கள் பெயரில் இருக்கட்டும். பல கடைகளில் மெக்கானிக்குக் கமிஷன் உண்டு. அது யார் பணம் என்று சொல்லவேண்டியதில்லை. மெக்கானிக்கிடம் வேலை கொடுத்தால், கழற்றிய பழைய சாமானை உங்கள் கையில் தரச் சொல்லுங்கள். வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிட்டால், மாற்றாத பாகத்துக்குப் பில் வருவது பெரும்பாலும் நின்றுவிடும்.

இன்னொரு ஆள் வருவார், ஜாக்கிரதை. "இதுக்கு ஏன் 32,000? உடைச்ச வண்டியிலேர்ந்து ஓடுற எஞ்சினே வாங்கித் தர்றேன், பாதிக் காசு" என்பார். பழைய வண்டிச் சாமான் விற்கும் சென்னைப் புதுப்பேட்டையில் தெரிந்தவர் இருக்கிறார் என்றும் சொல்வார். எஞ்சின் எண் பிளாக்கில் பொறித்திருக்கும், உங்கள் ஆர்.சி. புத்தகத்திலும் இருக்கும். பிளாக் மாறினால் எண் மாறும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி அதற்கு ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். அனுமதி கேட்டுப் போனால் அந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்குப் பேப்பர் கேட்பார்கள். புரோக்கர் தருவது பேப்பர் இல்லை, ஒரு துண்டுச் சீட்டு. அது திருட்டு வண்டியின் எஞ்சினாக இருந்தால் போலீஸ் முன்னால் நிற்கப்போவது நீங்கள். விபத்து நடந்து இன்சூரன்ஸ் சர்வேயர் எண்ணைப் பார்த்தால் அங்கேயும் தலைவலி. எஞ்சின் புரோக்கரோடு பேசவே பேசாதீர்கள்.

ஒருவேளை எல்லாச் சோதனையும் கேஸ்கட்டைத்தான் காட்டுகிறது என்று வையுங்கள். அப்போதும் முழு எஞ்சினை இறக்கத் தேவையில்லை. வண்டியில் வைத்தபடியே ஹெட்டை மட்டும் கழற்றலாம். மூன்று சிலிண்டர், 796 சிசி எஞ்சின். கற்றுக்கொள்ள இதைவிட எளிமையானது கிடைக்காது. ஆனால் போல்ட்டை எவ்வளவு முறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் தொடாதீர்கள். ஹெட் அலுமினியம்; போல்ட்டைக் கைக்கணக்கில் முறுக்கினால் வளையும். நன்றாகக் குளிர்ந்தபிறகு ஓரத்திலிருந்து நடுவுக்குத் தளர்த்தி, பூட்டும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று தவணையாக முறுக்க வேண்டும். ஹெட் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் லேத் பட்டறை வேலை. அங்கே கொடுத்தால் கேட்காமலே ஃபேஸிங் போட்டுச் சீவிவிடுவார்கள். முதலில் ஸ்கேல் வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டு எவ்வளவு வளைந்திருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். சீவிய அலுமினியம் திரும்பி வராது. எப்படியும் டைமிங் பெல்ட்டைக் கழற்றுகிறீர்கள், பழையதைத் திரும்ப மாட்டாமல் புதுசு போடுங்கள்.

எத்தனை கிலோ டார்க் என்று கேட்பீர்கள். அது கம்பெனி சர்வீஸ் மேனுவலில் இருக்கிறது, அந்த மேனுவல்தான் உங்கள் கைக்கு வராது. சாமானையும் மேனுவலையும் சோதனைக் கருவிகளையும் வெளிச் சந்தைக்குத் தராமல் வைத்திருந்ததற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட்டில் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அப்புறம் மேல்முறையீடு, கோர்ட்டு. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் திறந்தது. திண்டுக்கல்லில் ஸ்பேனரோடு நிற்பவருக்கு இதனால் என்ன கிடைத்தது? ஆனால் வசூல் மட்டும் தாமதமாவதில்லை. 15 வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்ததை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கினார்கள், 20 வருடம் தாண்டியதற்கு 2025-இல் 10,000. உங்கள் வண்டிக்கு அடுத்த முறை அந்தப் பத்தாயிரம்தான். இப்போதைக்குத் தெரிந்த நல்ல மெக்கானிக்கிடம் மேனுவலின் அந்தப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நினைவிலிருந்து யாராவது சொல்லும் எண்ணை நம்பாதீர்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஃபேனைச் சோதித்துச் சரிசெய்யுங்கள். வால்வைப் போட்டு, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கூலண்ட் நிரப்பி, மூடி இல்லாமலே கொஞ்ச நேரம் ஐடிலிங்கில் ஓடவிட்டுக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுங்கள். சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. ஆயில் மூடியைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, வத்தலக்குண்டு வரை ஒரு நடை போய் வாருங்கள். அதேபோல் இன்னும் இரண்டு மூன்று நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு மூடியைத் திறந்து பாருங்கள். வெண்ணெய் திரும்ப வரவில்லை, சிக்னலிலும் முள் ஏறவில்லை என்றால் ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டுங்கள். வந்தால், டேங்கில் போட்ட கோடு எங்கே நிற்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.