அலுமினியப் பெட்டியும் 525 மடங்கும்

கேள்வி: மகனின் பிறந்தநாளுக்கு 70 மி.மீ. தொலைநோக்கி வாங்கிக் கொடுத்தேன். குவியத் தூரம் 700 மி.மீ. கூடவே கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸ்கள் 20 மி.மீ., 4 மி.மீ. என இரண்டு, உருவத்தை மேலும் பெரிதாக்கும் 3 மடங்கு பார்லோ லென்ஸ் ஒன்று. பெட்டியில் '525 மடங்கு' என்று அச்சிட்டிருக்கிறார்கள். 4 மி.மீ. பொருத்தினால் வியாழன் கலங்கலாக ஆடுகிறது. பார்லோவையும் சேர்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. ஐந்து ஐபீஸ்களும் வண்ண வடிகட்டிகளும் அடங்கிய அலுமினியப் பெட்டியை வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? நான் மூக்குக்கண்ணாடி அணிபவன்.
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: வாங்காதீர்கள். அந்தப் பெட்டியில் நீங்கள் தொடப்போவது இரண்டைத்தான். மற்றவை பஞ்சு மெத்தையில் உறங்கும். கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் பூஞ்சையும் பிடிக்கும்.

525 எப்படி வந்தது என்று பாருங்கள். குவியத் தூரத்தை ஐபீஸின் எண்ணால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். 700ஐ 4ஆல் வகுத்தால் 175. பார்லோ அதை மூன்றால் பெருக்கினால் 525. கணக்கில் பிழையில்லை, ஆனால் 70 மி.மீ. லென்ஸ் திரட்டும் ஒளி அவ்வளவுக்குத் தாங்காது. லென்ஸின் விட்டத்தைப் போல இரண்டு மடங்குதான் உச்சவரம்பு, உங்களுக்கு 140. அதுவும் காற்று அசையாத இரவில்தான். ஆக, பார்லோ இல்லாமலே உங்கள் 4 மி.மீ. எல்லையைத் தாண்டிவிடுகிறது. அதைக் கையில் எடுத்துப் பாருங்கள்: கண் வைக்கும் லென்ஸ் குன்றிமணி அளவுகூட இருக்காது, இமை முடி அதில் உரசும். வியாழனைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் பூமி சுழலும் வேகத்தில் ஒரு நிமிடத்துக்குள் ஓடிவிடும். இதைக் குழந்தை கையில் கொடுத்து 'பார்' என்றால் அது எதைப் பார்க்கும்?

பணம் செலவழிக்கும் முன் ஒரு ஸ்கேலை எடுத்து, ஐபீஸ் நுழையும் குழாயின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். 31.7 மி.மீ., அதாவது ஒன்றேகால் அங்குலம் இருந்தால் சந்தையில் உள்ள பெரும்பாலானவை பொருந்தும். 24.5 மி.மீ. என்றால் பழைய அளவு; இப்போது விற்கும் ஐபீஸ்கள் அதற்குள் நுழையாது.

முதலில் 32 மி.மீ. பிளாசல் வகை ஐபீஸ் ஒன்று வாங்குங்கள். 1860இல் வியன்னாவில் கியோர்க் பிளாசல் வகுத்த அமைப்பு, இன்றும் விலைக்கு மோசமில்லாத சரக்கு. 22 மடங்குதான் வரும், ஆனால் வானத்தில் இரண்டு டிகிரிக்கு மேல் ஒரே பார்வையில் அடங்கும். கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் முழுவதையும் அதில் பார்க்கலாம். கண்ணாடியைக் கழற்றாமலே பார்க்க வசதியானதும் இதுதான்.

இரண்டாவது, 9 மி.மீ. அளவில் 66 டிகிரி அகலப் பார்வை கொண்ட ஒன்று. 78 மடங்கு வரும். வியாழனின் இரண்டு பட்டைகளும் சனியின் வளையமும் தெளிவாகத் தெரியும். இந்த மடங்கில் வியாழன், வெறுங்கண்ணுக்குத் தெரியும் முழுநிலவைவிடப் பெரிதாகவே இருக்கும். சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஒரு கண்ணை ஐபீஸிலும் மறு கண்ணை நிலவிலும் வைத்து ஒப்பிட்டால்தான் ஒத்துக்கொள்வார்கள். இந்த அளவில் பிளாசல் வேண்டாம் என்பதற்குக் காரணம் உங்கள் கண்ணாடிதான். பிளாசலில் குவியத் தூரம் குறையக் குறைய, கண் லென்ஸுக்கு இன்னும் நெருங்கியாக வேண்டும், 9 மி.மீ. என்றால் ஆறேழு மில்லிமீட்டர்தான் இடைவெளி. கிட்டப்பார்வை மட்டும் என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸ் திருகைச் சற்றுத் திருப்பினால் போதும். மருத்துவர் எழுதிய சீட்டில் 'சிலிண்டர்' (சிதறல் பார்வை) கட்டத்தில் பெரிய எண் இருந்தால் கண்ணாடியோடு பார்ப்பதே நல்லது.

தொலைநோக்கியின் விலையைத் தாண்டும் ஐபீஸ்களும் உண்டு. உங்களுடையது எஃப்/10, அதாவது குவியத் தூரம் லென்ஸின் விட்டத்தைப் போலப் பத்து மடங்கு; ஒளிக்கதிர்கள் ஒடுங்கிய கூம்பாக வருபவை. எளிய ஐபீஸிலும் படம் விளிம்புவரை ஓரளவு நன்றாகவே இருக்கும். அந்த ஆடம்பரம் இதற்குத் தேவையில்லை.

ஒன்று கேட்கிறேன், எங்கே வைத்துப் பார்க்கிறீர்கள்? மொட்டை மாடியில் இருட்டியவுடன் என்றால், கலங்கலில் பாதிப் பழி தளத்துக்குத்தான். பகலெல்லாம் வாங்கிய வெயிலை அது இரவில் கக்கும். தொலைநோக்கியை அரை மணி நேரம் வெளியே ஆறவிட்டு, பத்து மணிக்கு மேல் உங்கள் 20 மி.மீ. ஐபீஸிலேயே ஒருமுறை பாருங்கள். அதன் பிறகு கடைக்குப் போனால் போதும்.

கேள்வி: பெட்டியில் 'சன்' என்று எழுதிய கறுப்புக் கண்ணாடி ஒன்றும் இருந்தது. ஐபீஸின் அடியில் திருகிச் சூரியனைப் பார்க்கலாமா?

பதில்: கூடாது. லென்ஸ் குவித்த வெப்பம் முழுவதும் அந்தச் சிறிய கண்ணாடியில் இறங்கும். வெடித்தால் அடுத்த நொடி கண்ணில். சூரிய வடிகட்டி தொலைநோக்கியின் முன்வாயை முழுவதும் மூட வேண்டும். உங்களிடம் உள்ளதை உடைத்துக் குப்பையில் போடுங்கள், பையன் பள்ளியிலிருந்து வருவதற்குள்.