போன் வந்துச்சாம், வச்சிட்டாராம்!

கேள்வி: அக்கா, எனக்கு 41 வயசு, கடலூர் ஓல்ட் டவுன். ரெண்டு பிள்ளைங்க, கு.க. ஆபரேஷன் பண்ணியாச்சு. வீட்டுக்காரர் ஹார்பர்ல ஐஸ் லோடு எடுக்கறார். எங்க ஏரியா நர்சம்மா கர்ப்பப்பை வாய் புத்துநோய் டெஸ்டுக்கு வா வான்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. எனக்கு பீரியட்ஸ் கரெக்டா வருது, ஒரு தொந்தரவும் இல்ல. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு கேம்ப்ல எடுத்தேன், கண்ணாடியில தடவி எடுத்துட்டுப் போனாங்க. ரிசல்ட் வரல, ஒன்னும் இல்லன்னுதானே சொல்லாம விட்டிருப்பாங்க? ஒரு தடவ ஏதோ ஆஸ்பத்திரில இருந்து இவருக்கு போன் வந்துச்சாம், லோடு ஏத்திக்கிட்டு இருந்தாராம், வச்சிட்டாராம். மறுபடியும் எடுக்கணுமா? வலிக்குமா? ஆம்பள டாக்டரா இருந்தா என்ன பண்றது? பொண்ணுக்கு 13 வயசு, அவளுக்கு ஏதோ ஊசி இருக்காமே?

பதில்: வலிக்குமா, ஆம்பள டாக்டரா, அதெல்லாம் அப்புறம். முதல்ல அந்த போன் விஷயத்துக்கு வா.

இவ்ளோ பெரிய லெட்டர்ல நடுவுல போற போக்குல ஒரு வரி எழுதி இருக்க பாரு, "வச்சிட்டாராம்"னு, அதுக்கப்புறம் நீ எழுதின எதுவும் எனக்கு மண்டையில ஏறல. எந்த ஆஸ்பத்திரிம்மா சௌக்கியமான்னு கேக்க போன் பண்ணும்? எடுத்த சாம்பிள் சரியா விழல திரும்ப வாங்கன்னு சொல்ல இருக்கும், இல்ல ஏதோ மாற்றம் தெரியுது வந்து காட்டுங்கன்னு சொல்ல இருக்கும். இன்சூரன்ஸ் விக்கறவனா கூட இருக்கலாம், இல்லங்கல. ஆனா எதுன்னு தெரியாமயே ரெண்டு வருஷம் ஓட்டிட்டு, "ஒன்னும் இல்லன்னுதானே"ன்னு நீயே உனக்கு ரிசல்ட் எழுதிக்கிட்டியே, அதத்தான் என்னால தாங்க முடியல.

சரி, அந்த ஃபாரத்துல அவர் நம்பர எதுக்கு குடுத்த? உன்கிட்ட போன் இல்லையா? இந்த லெட்டரே நீ வாட்ஸ்அப்லதான அனுப்பி இருக்க! எனக்கு எழுதற பொம்பளைங்க பாதிப்பேரு இப்படித்தான், உடம்பு இவங்களோடது, டெஸ்டு இவங்களுக்கு, நம்பர் மட்டும் வீட்டுக்காரர் நம்பர், இல்லன்னா வெளியூர்ல வேல பாக்கற மகன் நம்பர்.

உன் வீட்டுக்காரரையும் விடறதா இல்ல. ஐஸ் பிளான்ட்ல இருந்து மிஸ்டு கால் வந்தா திரும்பக் கூப்பிடறாரா இல்லையா? சீட்டுக்காரன் போன் பண்ணா லோடு ஏத்தும்போதும் எடுக்கறாரா இல்லையா? ஆஸ்பத்திரின்னு காதுல விழுந்தும் வச்சிட்டார்னா, சாயங்காலம் வீட்டுக்கு வந்து "ஏய், எதுக்கு கூப்பிட்டாங்க, கேளு"ன்னு ஒரு வார்த்த சொல்லி இருக்கணும், தாலி கட்டினவனுக்கு அந்தப் பொறுப்பு உண்டு. உனக்கும் சொல்றேன், கோச்சுக்கிட்டாலும் பரவால்ல. ரெண்டு பிள்ளைய பெத்து வச்சிக்கிட்டு தன் உடம்ப கண்டுக்காம இருக்கறதுக்கு தியாகம்னு பேர் வச்சிக்காத, அது பிள்ளைங்களுக்கு பண்ற துரோகம்னுதான் நான் சொல்லுவேன்.

இப்ப டெஸ்ட் விஷயம். கண்ணாடியில தடவி எடுத்துட்டுப் போனாங்கன்னா அது பாப் ஸ்மியர். கர்ப்பப்பை வாயில லேசா சுரண்டி செல் எடுத்து லேபுக்கு அனுப்புவாங்க, அங்க மைக்ரோஸ்கோப்ல பாத்து ரிப்போர்ட் எழுதணும், அதனால ரிசல்ட் அன்னிக்கே கைக்கு வராது, யாராவது போய் வாங்கணும். இப்ப நர்சம்மா கூப்பிடறது அநேகமா வி.ஐ.ஏ. டெஸ்டா இருக்கும். வினிகர்ல இருக்கற அதே அசிட்டிக் ஆசிட், தண்ணி கலந்தது, அத கர்ப்பப்பை வாயில பஞ்சால தொட்டு வச்சிட்டு ஒரு நிமிஷம் பொறுத்துப் பாப்பாங்க, கோளாறான இடம் வெள்ளையா மாறும், ரிசல்ட் அங்கயே சொல்லிடுவாங்க. நம்ம நாட்டுல அரசாங்கத் திட்டம் 30 வயசுல இருந்து 65 வரைக்கும் 5 வருஷத்துக்கு ஒரு தடவ இத எடுக்கச் சொல்லுது. மூணாவது எச்பிவி டெஸ்ட், இந்த புத்துநோய வரவைக்கற எச்பிவிங்கற வைரஸ் இருக்கான்னு நேரா தேடறது, மூணுல இதுதான் நல்லா கண்டுபிடிக்கும், ஆனா எல்லா இடத்துலயும் கிடைக்காது, வெளிய எடுத்தா காசு கூட ஆகும்.

சும்மா நர்சம்மாவுக்கு டார்கெட்னு மட்டும் நெனச்சிடாத. நம்ம திண்டுக்கல் மாவட்டத்துலயே 30ல இருந்து 59 வயசு வரைக்கும் உள்ள பொம்பளைங்களுக்கு ஒரே ஒரு தடவ இந்த வி.ஐ.ஏ. பண்ணி, தேவப்பட்டவங்களுக்கு வைத்தியமும் பாத்து, பல வருஷம் கணக்கெடுத்தாங்க, கர்ப்பப்பை வாய் புத்துநோய்ல சாகறது 35 சதவீதம் கொறஞ்சுதுன்னு 2007ல வெளியிட்டாங்க. அப்படி இருந்தும் 2019-21 குடும்ப நல சர்வேல தமிழ்நாட்டுல 30-49 வயசு பொம்பளைங்கள்ல 100க்கு 10 பேர் கூட இந்த டெஸ்ட் எடுத்ததில்ல.

"தொந்தரவு இல்ல"ன்னு எழுதி இருக்க. தொந்தரவு இல்லாதவங்களுக்குத்தான்மா இந்த டெஸ்டே! எச்பிவி வைரஸ் தொத்தி அது புத்துநோயா மாற பெரும்பாலும் 15, 20 வருஷம் ஆகும், அதுவரைக்கும் வலியும் இருக்காது ரத்தமும் வராது, பீரியட்ஸ் கடிகாரம் மாதிரி வரும். அந்த கேப்புல புடிச்சா சின்ன வைத்தியத்துல போயிடும். அப்புறம் கு.க. ஆபரேஷன், அதுல கருக்குழாயத்தான் கட்டறாங்க, கர்ப்பப்பை வாய் அங்கயேதான் இருக்கு, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

ரிப்போர்ட்ல மாற்றம்னு இருந்தா உடனே கேன்சர்னு ஒப்பாரி வைக்காத. கால்போஸ்கோபின்னு ஒரு லென்ஸ் வச்சி பெருசாக்கி பாப்பாங்க, சந்தேகம்னா துளி சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்புவாங்க. முன்கட்ட மாற்றம்தான்னா அந்த இடத்த குளிர் வச்சோ சூடு வச்சோ அழிச்சிடுவாங்க, பல பேரு அன்னிக்கே வீட்டுக்கு வந்துடறாங்க. இன்னொன்னு, ரிப்போர்ட்ல எச்பிவின்னு பாத்துட்டு வீட்டுல யாராவது உன் நடத்தையப் பத்தி வாய தொறந்தா அங்கயே நிறுத்து. கல்யாணம் ஆன முக்கால்வாசிப் பேருக்கு என்னிக்காவது வந்து தானா போற வைரஸ் அது, புருஷன்கிட்ட இருந்து பொண்டாட்டிக்கு வந்திருக்கவும் செய்யும், எப்ப வந்துச்சு யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு எந்த டெஸ்டும் சொல்லாது.

வலி, உள்ள விரிச்சுப் பாக்கற ஸ்பெகுலம்ங்கற கருவிய வைக்கும்போது ஒரு இறுக்கம் இருக்கும், பல்ல கடிச்சிக்காம மூச்ச நல்லா விட்டா சீக்கிரம் முடிஞ்சிடும், ரெண்டு பிரசவம் பாத்தவ நீ. வி.ஐ.ஏ. பெரும்பாலும் நர்சம்மாவே பண்ணுவாங்க, டாக்டர்தான்னா லேடி டாக்டர் எந்த நாள்னு ஓ.பி.ல கேட்டுட்டுப் போ, கூச்சப்படாம கேளு. பீரியட்ஸ் நாள்ல போகாத. முந்தின ரெண்டு நாள் சேர்க்கை வேணாம், உள்ள வைக்கற மாத்திரை, கிரீம், டெட்டால் தண்ணி எதுவும் வேணாம்.

இப்ப செய்ய வேண்டியது. அந்த கேம்ப் சீட்டு பீரோவுல ரேஷன் கார்டு, எல்.ஐ.சி. பத்திரத்தோட எங்கயாவது கெடக்கும், தேடி எடு. சீட்ட எடுத்துக்கிட்டு உன் வீட்டுக்காரர் போகட்டும், ஆமா அவர்தான், ஒரு நாள் லோடு போனா போகட்டும். கேம்ப் நடத்தின ஆஸ்பத்திரில தேதி, நம்பர், உன் பேரு இனிஷியலோட சொல்லி பழைய ரிப்போர்ட்டக் கேக்கட்டும். மாற்றம்னு இருந்தா ஒரு வாரம் கூட தள்ளாம கால்போஸ்கோபிக்குப் போங்க, கடலூர் ஜி.எச்.ல கேளுங்க, அவங்க மேல அனுப்பினா புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரி பஸ்ஸுல போற தூரம்தான். நார்மல்னு இருந்தா பாப் ஸ்மியர் 3 வருஷத்துக்கு ஒரு தடவ, உனக்கு அடுத்த வருஷம் வருது, ஆனாலும் நர்சம்மா கூப்பிட்டா போயிடு. சீட்டும் கிடைக்கல ரிப்போர்ட்டும் கிடைக்கலன்னா எடுக்காத மாதிரிதான் கணக்கு, இந்த பீரியட்ஸ் முடிஞ்ச வாரமே போ.

பொண்ணுக்கு எச்பிவி வராம தடுக்கற ஊசி போடு, யோசிக்காத. 9ல இருந்து 14 வயசுக்குள்ளன்னா வழக்கமா ஆறு மாச இடைவெளியில ரெண்டு டோஸ், 15 ஆயிட்டா மூணு. இந்தியாவுலயே தயாராகற செர்வாவாக் 2023ல இருந்து கிடைக்குது. பி.எச்.சி.யிலயும் ஸ்கூல்லயும் விசாரி, அங்க இல்லன்னா பிள்ளைங்க டாக்டர்கிட்ட கேளு. ஊசி போட்டுக்கிட்டாலும் அவளும் 30 வயசுக்கு மேல டெஸ்ட் எடுக்கணும்.

நடுவுல பீரியட்ஸ் இல்லாத நாள்ல ரத்தம் பட்டாலோ, சேர்க்கைக்கு அப்புறம் பட்டாலோ, நாத்தத்தோட வெள்ளப்பட்டாலோ இந்தத் தேதிக் கணக்கெல்லாம் பாத்துக்கிட்டு உக்காராத, மெடிக்கல்ல மாத்திர வாங்கி முழுங்காத, அன்னிக்கே லேடி டாக்டர்கிட்ட போ.