பேஸ்போல் சாமான் மலிவா எங்க எடுக்கலாம்?

கேள்வி: அண்ணை, மகனுக்கு 11 வயசு. பள்ளிக்கூடத்தில புதுசா பேஸ்போல் பழக்கத் தொடங்கியிருக்கினம். கிளவுஸ், பேட், ஹெல்மட், போல், சப்பாத்து எண்டு பெரிய லிஸ்ட் ஒண்டு எழுதிக்கொண்டு வந்து நிக்கிறான். டவுன் கடையளில கேட்டா கிரிக்கெட் சாமானைத்தான் எடுத்துக் காட்டினம். எல்லாத்தையும் வாங்க எங்களுக்குக் கட்டாது. என்ன செய்யலாம்?
(வாசகி, உவர்மலை)

பதில்: தங்கச்சி, முதல்ல அந்த லிஸ்ட்டை வெட்டுங்கோ. உங்கட காசில இப்ப வாங்க வேண்டியது கிளவுஸ் மட்டும்தான். பேட், ஹெல்மட், கட்சர் (பேட் பிடிக்கிறவருக்குப் பின்னால இருந்து போலைப் பிடிக்கிறவர்) போடுற முகமூடி, நெஞ்சுக்கவசம், காலுக்குக் கட்டுறது எல்லாம் ரீமுக்குப் பொதுவா இருந்தாக் காணும், ஒரு நேரத்தில பேட் பிடிக்கிறது ஒரு பிள்ளைதானே, ஆனா ஃபீல்டிங் நிக்கேக்க ஒன்பது பேருக்கும் ஒன்பது கிளவுஸ் வேணும், அதுவும் கைக்குப் பழகின கிளவுஸா இல்லாட்டி பிள்ளை போலுக்குப் பயப்பிடத் தொடங்கிடும். பயம் ஒருக்கா வந்துட்டா பிறகு எத்தனை ஆயிரத்துக்கு பேட் வாங்கிக் குடுத்தும் பிரயோசனம் இல்லை.

கிளவுஸ் எடுக்கேக்க நல்லா கவனியுங்கோ, இங்கதான் கனபேர் காசை விடுறவை. வலக்கையால எறியிற பிள்ளை கிளவுஸைப் போடுறது இடக்கையில. ஒன்லைன்ல 'ரைட் ஹேண்ட் த்ரோ' எண்டு போட்டிருந்தா வலக்கையால எறியிறவருக்கு எண்டு அர்த்தம், வலக்கையில மாட்டுறது எண்டில்லை. படத்தில பெருவிரல் எந்தப் பக்கம் எண்டு பாத்து, விக்கிறவரிட்டயும் ஒருக்காக் கேட்டுட்டு காசைக் கட்டுங்கோ. 11 வயசுக்கு 11, பதினொண்டரை இஞ்சி சைஸ் சரியா இருக்கும். வளருவான்தானே எண்டு 12க்கு மேல பெருசா எடுத்துடாதேங்கோ, சின்னக் கையால அதை மூடேலாது, மூடேலாட்டி போல் உள்ளுக்க நிக்காது. பிளாஸ்டிக் மாதிரி மினுங்கிற விளையாட்டுச்சாமான் கிளவுஸும் வேண்டாம், பேஸ்போல் 142 தொடக்கம் 149 கிராம் வரை இருக்கும், கல்லு மாதிரி வரும், அந்த மெல்லிசுக்குள்ளால உள்ளங்கை வீங்கிப்போகும்.

எங்க எடுக்கிறது எண்டா, தனியா ஒராள் போய்க் கேட்டா டவுன் கடைக்காரர் இல்லையெண்டுதான் சொல்லுவார், அவரில பிழையில்லை, கிரிக்கெட்டும் ஃபுட்போலும் வொலிபோலும் போற ஊரில பேஸ்போல் சாமானை எடுத்து வச்சுக்கொண்டு என்ன செய்யிறது. நீங்கள் பெற்றோர் பத்துப்பேர் சேர்ந்து, கோச்சரையும் கூட்டிக்கொண்டு போய், பத்து கிளவுஸ் வேணும், இன்ன சைஸ் எண்டு எழுதிக் குடுத்துப் பாருங்கோ. கொழும்பில சாமான் எடுக்கிறவர் கட்டாயம் விசாரிப்பார், விலையும் பேசலாம். இல்லாட்டி ஒராள் இரவு ரயில்ல கொழும்புக் கோட்டைக்குப் போய் இறங்கினா புறக்கோட்டை நடக்கிற தூரம்தான், அங்கத்த விளையாட்டுச் சாமான் கடையளைச் சுத்திப்பாத்து எல்லாருக்குமா எடுத்துக்கொண்டு வரலாம். கோச்சரிட்ட இன்னொண்டும் சொல்லுங்கோ, ஹோமாகம தியகமவில ஜப்பான் உதவியோட கட்டின பேஸ்போல் மைதானம் இருக்கு, கொழும்புப் பக்கத்து ரீம்களோட பழக்கம் பிடிச்சா பெரிய பிள்ளையள் கழிச்சுவிட்ட சின்ன சைஸ் கிளவுஸ் கைமாறி வரும். தோல் கிளவுஸ் பழசானா இன்னும் நல்லம், ஏற்கெனவே இளகியிருக்கும்.

கனடாவில சொந்தக்காரர் இருந்தா (திருகோணமலையில இல்லாத வீடு குறைவுதானே) அதுதான் எல்லாத்திலயும் மலிவான வழி. 2025ல ரொறன்ரோ பேஸ்போல் ரீம் புளூ ஜேய்ஸின்ர இறுதிப்போட்டி ஏழாவது ஆட்டம் வரைக்கும் போனதில ரொறன்ரோவில இருக்கிற எங்கட சனமும் நித்திரை முழிச்சிருந்து பாத்தது, அங்க பிள்ளையள் வருசத்துக்கு வருசம் வளர வளர கிளவுஸ் மாத்திறவை, பழசு கராஜில கிடக்கும். பிளே இட் அகெய்ன் ஸ்போர்ட்ஸ் எண்டு பழைய விளையாட்டுச் சாமானை வாங்கி விக்கிற கடையளும் இருக்கு. சீசன் முடிஞ்சு குளிர் தொடங்கேக்க கேட்டு வையுங்கோ, ஊருக்குக் கப்பலில பெட்டி போடேக்க உடுப்புக்கிடையில ரெண்டு மூண்டு கிளவுஸ் வைக்கிறது பெரிய வேலையில்லை. வர மாசக்கணக்காகும், அவசரத்துக்குச் சரிவராது.

சப்பாத்து வாங்க வேண்டாம். ஃபுட்போலுக்குப் போடுற ரப்பர் குமிழ் வச்ச பூட்ஸ் வீட்டில இருந்தா அதுவே காணும்.

ஹெல்மட் மட்டும் பழசு எடுக்காதேங்கோ. அடிபட்ட ஹெல்மட்டில உள்வெடிப்பு இருந்தா வெளியில தெரியாது. ரெண்டு காதும் மூடுற பேஸ்போல் ஹெல்மட் நாலு, புதுசா, எல்லாற்ற காசிலயும் போட்டு வாங்குங்கோ, கிளவுஸில மிச்சம்பிடிச்ச காசை இதில போடுங்கோ. அடிவயித்துக் கார்ட் மட்டும் கிரிக்கெட்டுக்கு விக்கிறதே சரி, அது டவுனிலயே கிடைக்கும்.

கேள்வி: ஒன்லைன்ல பேஸ்போல் பேட் நல்ல மலிவா கிடக்கு, வாங்கலாமா?
(வாசகர், நிலாவெளி)

பதில்: பாத்து தம்பி. அதில பாதி, வாகனத்துக்குள்ள தற்பாதுகாப்புக்கு வைக்கிற தடி. பாரம் கூட, சின்னப்பிள்ளை சுத்தினா தோள் போயிடும். விளையாடுற பேட்டில நீளமும் நிறையும் போட்டிருக்கும், 10-12 வயசுக்கு 28 தொடக்கம் 30 இஞ்சி அலுமினியம் பேட் எடுங்கோ. பிள்ளையிட்ட குடுத்து ஒரு கையால பக்கவாட்டில நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கோ, கை நடுங்கித் தாழ்ந்தா அது அவனுக்கு இல்லை. பழைய பேட் எண்டா நெளிவு, வெடிப்பு இருக்கோ எண்டு விரலால தடவிப் பாத்து, குலுக்கியும் பாருங்கோ. அந்த பேட்டால கிரிக்கெட் லெதர் போலை அடிக்க மட்டும் விடாதேங்கோ, அது 156 கிராமுக்கு மேல, பேட் நெளிஞ்சுடும்.

கேள்வி: நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில பிள்ளையள் கிளவுஸ் வாங்கிற நிலைமையில இல்லை. பேஸ்போல் பழக்க ஆசை. ஏதாவது வழியிருக்கா?
(ஆசிரியர், கிண்ணியா)

பதில்: இருக்கு மாஸ்டர், இந்தக் கேள்விக்குப் பதில் எழுத எனக்கு நல்ல சந்தோசம். பேஸ்போல்5 எண்டு உலக பேஸ்போல் சொஃப்ட்போல் சம்மேளனமே கொண்டுவந்த விளையாட்டு இருக்கு. பக்கத்துக்கு அஞ்சு பேர், அஞ்சு இன்னிங்ஸ், ஒரு ரப்பர் போல். பேட்டும் இல்லை, கிளவுஸும் இல்லை, கையாலயே அடிச்சுப்போட்டு ஓடுறது. 18 மீற்றர் சதுரம், பேஸுக்கு பேஸ் (ஓடிப்போய்த் தொடுற இடங்கள்) 13 மீற்றர், சுண்ணாம்பால கோடு போட்டா சரி. 2026 டக்கார் இளையோர் ஒலிம்பிக்கிலயும் சேர்த்திருக்கினம், அதால இதைச் சின்னப்பிள்ளை விளையாட்டு எண்டு ஆரும் சொல்லேலாது. உங்கட பிள்ளையள் எல்லே விளையாடினவைதானே, அடிச்சுட்டு எப்ப ஓடுறது, எங்க நிக்கிறது எண்ட கணக்கு அவைக்கு ஏற்கெனவே தெரியும், வெறுங்கையால பிடிச்சும் பழகினவை. ஒரு வருசம் இதை விளையாடவிட்டு, நிண்டு பிடிக்கிற பிள்ளையள் ஆர் எண்டு பாத்துட்டு, பிறகு அவைக்கு மட்டும் கிளவுஸ் கேட்டு பழைய மாணவரிட்ட போங்கோ, பிள்ளையள் விளையாடுறதைக் கண்ட பிறகு ஆக்கள் குடுப்பினம்.

கேள்வி: கிளவுஸின்ர வார் அறுந்துபோச்சு, பூஞ்சணமும் பிடிச்சிருக்கு. எறியிறதா?
(வாசகர், உப்புவெளி)

பதில்: எறியாதேங்கோ. சப்பாத்துத் தைக்கிறவரிட்ட குடுத்தா தோல் வார் போட்டுக் கட்டித் தருவார், புதுசு வாங்கிற காசில சின்னப் பங்குதான் வரும். பூஞ்சணத்தை ஈரத்துணியால துடைச்சு நிழலில காயவிடுங்கோ, வெயிலில போட்டா தோல் வெடிக்கும். மாரிக்கு, கடல்காத்தும் ஈரமும் சேருற நாளில, பையுக்குள்ள பூட்டி வைக்காம உள்ளுக்க ஒரு போலை வச்சு காத்துப்படுற இடத்தில வையுங்கோ. தேங்காயெண்ணெய் ஊத்துறதை விடுங்கோ, தோல் ஊறிப் பாரமாகித் தொளதொளத்துப் போகும்.

கேள்வி: மகளுக்கு 8 வயசு, இடக்கைக்காரி. அவளுக்கும் அண்ணன்ர கிளவுஸையே குடுக்கலாமா?
(வாசகி, உவர்மலை)

பதில்: வேண்டாம் தங்கச்சி. அவள் இடக்கையால எறியிறவள் எண்டா வலக்கையில போடுற கிளவுஸ்தான் வேணும், அண்ணன்ரதைக் குடுத்தா எறியிற கையை மாத்தச் சொல்லுற மாதிரிப் போயிடும். இடக்கைக்காரருக்கானது கடையில குறைவு, அதால ஓடர் குடுக்கேக்க 10 இஞ்சியில ஒண்டு எண்டு தனியா எழுதிக் குடுங்கோ. அது வரும்வரைக்கும் ரெனிஸ் போலால வெறுங்கையில பிடிச்சுப் பழகட்டும்.